படு மோசமான வீடியோ கேம்களுக்கு இவ்வளவு ரசிகர்களா? - 'பட்ஜெட்' கேம்களின் விசித்திர ஈர்ப்பும் பின்னணியும்

லாரி ரேஸ் கேம் ஒன்று. போட்டி தொடங்கியாச்சு. ஆனால், பக்கத்தில் நிற்கும் எதிராளியின் லாரி இம்மியும் நகரவில்லை. நம்முடைய லாரி மட்டும் கிளம்புகிறது. எதிரே வரும் கட்டடத்துக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வருகிறது, ஒரு கீறல் கூட இல்லை. செங்குத்தான மலையில், சமதளத்தில் போகிற அதே வேகத்தில் ஏறுகிறது. பாலத்தின் மேல் போனால், பாலத்தை ஊடுருவிக் கீழே விழுகிறது. ரிவர்ஸ் போட்டால் வேகத்துக்கு எல்லையே கிடையாது. பட்டனை விட்டதும் அந்த அசுர வேகத்தில் இருந்து சட்டென்று நிற்கிறது. எல்லாம் முடிந்ததும் திரையில் மூன்று கைப்பிடி வைத்த ஒரு கோப்பை. அதோடு, 'யூ'ர் வின்னர்!' என்று இலக்கணப் பிழையோடு ஒரு வாழ்த்து.

இது யாரோ சொன்ன நகைச்சுவைத் துணுக்கு இல்லை. 2003-ல் அமெரிக்காவில் கடைகளில் காசு வாங்கிக்கொண்டு விற்கப்பட்ட 'பிக் ரிக்ஸ்: ஓவர் தி ரோடு ரேசிங்' என்ற கம்ப்யூட்டர் கேம். சரக்கு லாரியில் போலீஸுக்குத் தண்ணி காட்டும் விறுவிறுப்பான ஆட்டம் என்று அட்டைப்பெட்டியில் விளம்பரம். உள்ளே போலீஸும் இல்லை, சரக்கும் இல்லை. பாதைகளில் ஒன்றைத் தேர்வு செய்தால் கேமே நின்றுவிடும். பிரபல விமர்சனத் தளமான கேம்ஸ்பாட் இதற்குக் கொடுத்த மதிப்பெண் 10-க்கு 1.0. விமர்சனங்களின் சராசரியைக் கணக்கிடும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 100-க்கு 8.

இப்படியொரு கேமை மறந்துவிடுவதுதானே நியாயம்? ஆனால் நடந்தது வேறு. அதே ஆண்டில் வந்த எத்தனையோ நல்ல கேம்களின் பெயர் இன்று யாருக்கும் நினைவில் இல்லை. 'பிக் ரிக்ஸ்' மட்டும் 20 ஆண்டுகள் தாண்டியும் பேசப்படுகிறது, வீடியோக்களில் விளையாடப்படுகிறது, ரசிக்கப்படுகிறது.

மோசமாகச் செய்யப்பட்ட, மலிவு விலை வீடியோ கேம்களுக்கு உலகம் முழுக்க ஒரு தனி ரசிகர் கூட்டம் இருக்கிறது. அப்படி என்னதான் இருக்கிறது அவற்றில்? இது வெறும் கேலியா, இல்லை நிஜமாகவே ரசனையா? இந்தச் சிரிப்புக்கு விலை கொடுப்பது யார்? பார்க்கலாம்.

'பட்ஜெட் கேம்' என்றால் என்ன?

குறைந்த செலவில், குறைந்த ஆட்களை வைத்து, குறைந்த நாட்களில் செய்து, மலிவு விலைக்கு விற்கப்படுபவைதான் பட்ஜெட் கேம்கள். இது இன்று நேற்று வந்ததல்ல.

1980-களில் பிரிட்டனில் கேம்கள் ஆடியோ கேசட்டில்தான் விற்பனையாகின. 1983-ல் தொடங்கப்பட்ட மாஸ்டர்ட்ரானிக் நிறுவனம், மற்றவர்கள் பல மடங்கு விலைக்கு விற்றுக்கொண்டிருந்தபோது 1.99 பவுண்டுக்கு கேம்களை இறக்கியது. கம்ப்யூட்டர் கடைக்குத்தான் போக வேண்டும் என்று இல்லை. செய்தித்தாள் விற்கும் பெட்டிக்கடையிலேயே கிடைக்கும். பள்ளி மாணவன் தன் கைச்செலவுக் காசில் வாங்கிவிடலாம். நன்றாக இருந்தால் லாபம், இல்லாவிட்டால் பெரிய நஷ்டம் இல்லை.

ஜப்பானில் இதை ஒரு கலையாகவே மாற்றியது டி3 பப்ளிஷர் நிறுவனம். 1998-ல் பிளேஸ்டேஷனுக்காக 'சிம்பிள் 1500' என்ற வரிசையைத் தொடங்கியது. ஒவ்வொரு கேமும் 1,500 யென். பெயர் வைப்பதிலும் சிக்கனம்தான். முதல் கேமின் பெயர் 'தி மாஜாங்'. மாஜாங் என்பது அந்த ஊரில் பெரியவர்கள் விளையாடும் பழைய ஆட்டம். உள்ளே என்ன இருக்கிறதோ அதுவே பெயர். பிளேஸ்டேஷன் 2 வந்ததும் அது 'சிம்பிள் 2000' ஆனது. மாதம் தவறாமல், மளிகைக் கடை சரக்கு மாதிரி கேம்கள் வந்துகொண்டே இருந்தன.

தமிழ்நாட்டுக்கும் இந்த மலிவு உலகம் புதிதல்ல. 90-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் வளர்ந்த பலருக்கு 'டிவி கேம்' ஞாபகம் இருக்கும். ஜப்பானின் நின்டெண்டோ 1983-ல் வெளியிட்ட கருவியை அப்படியே காப்பியடித்து, மலிவாக வந்திறங்கிய பெட்டிகள் அவை. கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் விரல்விட்டு எண்ணக்கூடிய கேம்கள்தான் இருக்கும். மீதியெல்லாம் அதே கேம், வேறு நிலையில் இருந்து தொடங்கும், அவ்வளவுதான். ஏமாற்று என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் 'இதுல வேற ஏதாவது இருக்குமோ' என்று பட்டியலைக் கடைசிவரை உருட்டிப் பார்க்காத பிள்ளைகள் குறைவு. மோசமான கேம்களின் ஈர்ப்பு எங்கே தொடங்குகிறது என்பதற்கு அந்த ஆர்வமே ஒரு தடயம்.

மோசத்துக்கு ஜப்பானில் தனிப் பெயரே உண்டு

ஜப்பானில் இத்தகைய கேம்களை 'கூசோகே' என்கிறார்கள். 'கூசோ' என்றால் மலம். 'கே' என்பது கேம் என்பதன் சுருக்கம். வெளிப்படையான வசவுச் சொல்தான். ஆனால், காலப்போக்கில் அதில் ஒரு செல்லமும் சேர்ந்துகொண்டது.

உதாரணம், 1996-ல் சேகா சாட்டர்ன் கருவிக்கு வந்த 'டெத் கிரிம்சன்' என்ற துப்பாக்கிச் சுடும் கேம். குறி வைத்த இடத்தில் குண்டு படாது, கதை புரியாது, படம் பார்க்க சகிக்காது. திட்டித் தீர்த்த ரசிகர்களே ஒரு கட்டத்தில் அதை 'டெத் சாமா' என்று அழைக்கத் தொடங்கினார்கள். 'சாமா' என்பது ஜப்பானிய மொழியில் மிகப் பெரியவர்களுக்குச் சேர்க்கும் மரியாதை விகுதி. நம்மூரில் 'டெத் ஐயா அவர்கள்' என்று கையெடுத்துக் கும்பிடுவது போல.

அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே இன்னொரு கூத்து நடந்தது. நகைச்சுவை நடிகரும் பின்னாளில் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வென்ற இயக்குநருமான தகேஷி கிட்டானோவின் பெயரில், 1986-ல் டைட்டோ நிறுவனம் 'தகேஷியின் சவால்' என்ற கேமை வெளியிட்டது. அதில் ஒரு கட்டத்தில் கன்ட்ரோலரில் உள்ள மைக்கில் பாட வேண்டும். இன்னொரு கட்டத்தில் ஒரு மணி நேரம் எந்தப் பட்டனையும் தொடாமல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இதையெல்லாம் தாண்டிக் கேமை முடித்தால், 'இப்படியொரு கேமுக்குப் போய் இவ்வளவு சிரத்தையா?' என்கிற மாதிரி விளையாடியவரையே கிண்டல் செய்வார் தகேஷி. வாங்கியவர்கள் அன்று கடுப்பானார்கள். இன்று ஜப்பானிய கேம் வரலாற்றைப் பேசும் யாரும் அதைத் தவிர்ப்பதில்லை.

அப்படி என்னதான் ஈர்ப்பு?

ரசிகர்களின் பேச்சையும் வீடியோக்களையும் கவனித்தால் நான்கு காரணங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

முதலாவது, விலை. குறைந்த விலை என்பது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே எழுதப்படாத ஓர் ஒப்பந்தம். 'பெருசா எதிர்பார்க்காதீங்க' என்று விலையே சொல்லிவிடுகிறது. எதிர்பார்ப்பு குறையும் இடத்தில் மன்னிக்கும் மனசு வருகிறது. கையேந்தி பவனில் சட்னி கொஞ்சம் காரமாக இருந்தால் சிரித்துக்கொண்டே தண்ணீர் குடிப்பவர்தான், நட்சத்திர ஹோட்டலில் அதே காரத்துக்கு மேனேஜரைக் கூப்பிடுகிறார்.

இரண்டாவது, விதி உடைந்த இடத்தில் கிடைக்கும் சுதந்திரம். நன்றாகச் செய்யப்பட்ட கேமில், எங்கே போக வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்பதை உருவாக்கியவர்கள் துல்லியமாகத் திட்டமிட்டிருப்பார்கள். உடைந்த கேமில் அந்தத் திட்டம் கிழிந்து கிடக்கிறது. சுவரைத் தாண்டினால் என்ன ஆகும், மலை உச்சிக்குப் பின்னால் என்ன இருக்கிறது, ரிவர்ஸில் எவ்வளவு வேகம் போகலாம் என்று விளையாடுபவரே தனக்கான ஆட்டத்தைக் கண்டுபிடிக்கிறார். 'பிக் ரிக்ஸ்' ஒரு ரேஸ் கேமாகத் தோற்றுப்போனது. ஆனால், 'இந்த உலகம் எங்கெல்லாம் உடையும்?' என்று தேடும் கேமாக அது ஜெயித்துவிட்டது.

மூன்றாவது, கூட்டாகச் சிரிக்கும் சுகம். மோசமான கேமைத் தனியாக விளையாடினால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும். நான்கு பேர் சேர்ந்தால் அதுவே திருவிழா. அமெரிக்காவில் 2010 முதல் நடக்கும் 'கேம்ஸ் டன் குயிக்' நிகழ்ச்சி இதற்கு நல்ல சாட்சி. கேம்களை மின்னல் வேகத்தில் முடித்துக்காட்டும் வீரர்கள், நாள் கணக்கில் இடைவிடாமல் நேரலையில் விளையாடி நன்கொடை திரட்டுவார்கள். ஜனவரி நிகழ்ச்சியில் சேரும் பணம் புற்றுநோய்த் தடுப்புக்கும், கோடை நிகழ்ச்சியில் சேர்வது 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்புக்கும் போகிறது. அந்த நிகழ்ச்சியில் மோசமான கேம்களுக்கென்றே ஒதுக்கப்படும் நேரத்தின் பெயர் 'ஆஃபுல் பிளாக்'. ஊர் தூங்கும் நேரத்தில், உலகின் படு மட்டமான கேம்களை ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள் நொடி சுத்தமாக விளையாட, அரங்கமே அதிரும்.

நான்காவதுதான் முக்கியமானது. குறையின் வழியே தெரியும் மனிதர்.

2-ம் இவரே, 10-ம் இவரே

2010 பிப்ரவரியில் அமெரிக்காவில் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு 'டெட்லி பிரெமொனிஷன்' என்ற ஜப்பானிய திகில் கேம் வெளியானது. மற்ற புதிய கேம்கள் 60 டாலருக்கு விற்றபோது இதன் விலை வெறும் 20 டாலர். 'ஸ்வெரி' என்று அழைக்கப்படும் ஹிதேதகா சுவேஹிரோ இயக்கியது.

கதைப்படி, ஒரு சிற்றூரில் நடந்த கொலையைத் துப்பறிய யார்க் என்ற எஃப்.பி.ஐ. அதிகாரி வருகிறார். ஆனால், கார் ஓட்டுவதே பெரும்பாடு. வரைபடம் உதவாது. சண்டைக் காட்சிகள் சலிப்பூட்டும். சோகமான காட்சியில் துள்ளலான இசை வந்து விழும். படத்தின் தரமோ, பழைய தலைமுறைக் கருவியில் ஓடுவது போல இருக்கும்.

ஆனால், அதே கேமில் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவருக்கும் தனி வாழ்க்கை உண்டு. அவரவர் நேரத்துக்கு வேலைக்குப் போவார்கள், சாப்பிடுவார்கள், வீடு திரும்புவார்கள். யார்க் சவரம் செய்யாவிட்டால் தாடி வளரும். கோட்டைத் துவைக்காமல் போட்டிருந்தால் ஈ மொய்க்கும். காரில் போகும்போது கண்ணுக்குத் தெரியாத ஸாக் என்ற நண்பனோடு பழைய சினிமாக்களைப் பற்றி விலாவாரியாகப் பேசிக்கொண்டே வருவார். பெரிய பட்ஜெட் கேமில் 'இதெல்லாம் எதுக்கு?' என்று முதல் கூட்டத்திலேயே வெட்டிவிடும் சமாச்சாரங்கள் இவை.

விளைவு? ஐ.ஜி.என். தளம் 10-க்கு 2 கொடுத்தது. டெஸ்ட்ரக்டாய்ட் தளம் 10-க்கு 10 கொடுத்தது. விமர்சகர்களை அதிகம் பிளவுபடுத்திய திகில் கேம் என்று கின்னஸ் சாதனைப் புத்தகத்திலேயே இடம்பிடித்துவிட்டது. இரண்டு மதிப்பெண் கொடுத்தவர் சொன்ன குறைகளை, பத்து மதிப்பெண் கொடுத்தவரும் மறுக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ஒருவர் என்ன கிடைக்கவில்லை என்று பார்த்தார். இன்னொருவர் எதற்கு முயன்றிருக்கிறார்கள் என்று பார்த்தார். 2020-ல் இதன் இரண்டாம் பாகம் நின்டெண்டோ ஸ்விட்சில் வந்தது என்றால், அந்த ரசிகர்கள் பத்து ஆண்டுகள் விடாமல் பிடித்திருந்ததும் ஒரு காரணம்.

ஓட்டைச் சட்டி, வெந்த கொழுக்கட்டை

இந்த வகையில் மிகப் பெரிய வெற்றிக் கதை, மேலே சொன்ன 'சிம்பிள் 2000' வரிசையில் இருந்துதான் வந்தது. 2003-ல் அந்த வரிசையின் 31-வது கேமாக 'பூமிப் பாதுகாப்புப் படை' வெளியானது. சாண்ட்லாட் என்ற சிறிய நிறுவனம் செய்தது. விலை 2,000 யென்.

கதையெல்லாம் பெரிதாக இல்லை. ராட்சத எறும்புகள் நகரத்துக்குள் நுழைகின்றன, சுட்டுத் தள்ள வேண்டும். எறும்புகள் எல்லாம் ஒரே அச்சு. ராக்கெட் ஒன்று பட்டாலே அடுக்குமாடிக் கட்டடம் அப்படியே பொலபொலவென்று சரியும். திரையில் எறும்புகள் அதிகமானால் கருவி திணறி, ஆட்டமே மெதுவாகிவிடும்.

ஆனால், அந்தத் திணறலிலும் ஒரு விஷயம் மட்டும் குறையவே இல்லை. நூற்றுக்கணக்கான எறும்புகள் அலையலையாக வருவதும், அவற்றை வெடித்துச் சிதறவைப்பதும் தரும் பரவசம். 'ஓட்டைச் சட்டியா இருந்தாலும் கொழுக்கட்டை வெந்தா சரி' என்பார்களே, அதேதான். எங்கே செலவு செய்ய வேண்டும், எங்கே கைவிட வேண்டும் என்பது செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த 2,000 யென் கேம் இன்று 'எர்த் டிஃபென்ஸ் ஃபோர்ஸ்' என்ற உலகறிந்த தொடர். ஆறாம் பாகம் 2022-ல் ஜப்பானிலும் 2024-ல் மற்ற நாடுகளிலும் வெளியானது. விலை ஏறியிருக்கிறது, ஆனால் அந்த மலிவு வாசனையை அவர்கள் விடவில்லை. ஐந்தாம் பாகத்தில் ராட்சதத் தவளைகள் ஆயுதத்தோடு வரும். அவற்றைப் பார்த்த வீரர்கள், 'அச்சு அசல் மனிதர்கள் மாதிரியே இருக்கிறார்களே' என்று அதிர்ச்சியடைவார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு விளையாடுவது ரசிகர்களின் பொறுப்பு!

வேண்டுமென்றே மோசமாகச் செய்தால்?

மோசமான கேமுக்கும் கூட்டம் வரும் என்று தெரிந்ததும் சும்மா இருப்பார்களா? 2014 ஏப்ரல் 1-ம் தேதி, முட்டாள்கள் தினத்தன்று, ஸ்வீடனின் காஃபி ஸ்டெயின் நிறுவனம் 'கோட் சிமுலேட்டர்' கேமை வெளியிட்டது. ஆடாக மாறி ஊரை அதகளம் செய்வதுதான் ஆட்டம். கேமை நிறுத்திவிடும் கோளாறுகளைத் தவிர மற்ற கோளாறுகளை வேண்டுமென்றே சரிசெய்யாமல் விட்டதாக அவர்களே அறிவித்தார்கள். நன்றாகவே விற்றது.

இன்றைக்கு அதன் வாரிசுகள் சந்தையைக் கலக்குகின்றன. 2023-ல் ஒரே ஒருவர் உருவாக்கிய 'லீத்தல் கம்பெனி', 2025-ல் வந்த 'ரெப்போ', 'பீக்' போன்றவை, நண்பர்கள் சேர்ந்து விளையாடி விழுந்து விழுந்து சிரிக்கும் வகை. பளபளப்பான படம் கிடையாது, பாத்திரங்கள் கோணல்மாணலாக நடக்கும், விலை பத்து டாலருக்குள் அடங்கும். 'பீக்' முதல் வாரத்திலேயே 10 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. பார்வைக்கு மட்டும்தான் இவை கரடுமுரடு. எங்கே தடுக்கி விழுந்தால் சிரிப்பு வரும் என்பதை நன்றாகக் கணக்குப் போட்டே செய்திருக்கிறார்கள். பழைய பட்ஜெட் கேம்கள் தெரியாமல் கற்றுக்கொடுத்த பாடத்தை, இவர்கள் தெரிந்தே பயன்படுத்துகிறார்கள்.

சிரிப்புக்குப் பின்னால் இருப்பது யார்?

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருக்கிறது.

2023 அக்டோபரில் 'ஸ்கல் ஐலண்ட்: ரைஸ் ஆஃப் காங்' என்ற கிங்காங் கேம் வெளியானது. விலை 40 டாலர். ஒரு காட்சியில் கிங்காங் பழைய பகையை நினைத்துப் பார்க்க வேண்டும். திரையில் ஓர் அசையாப் படம் மட்டும் திடீரென வந்து மறையும். அந்தத் துண்டு வீடியோ ஊரெல்லாம் பரவி, ஆண்டின் மோசமான கேம் என்று உலகமே சிரித்தது.

பிறகுதான் தி வெர்ஜ் தளத்தின் செய்தி வந்தது. அந்த கேமைச் செய்தது தென் அமெரிக்க நாடான சிலியில் உள்ள இகுவானாபீ என்ற சிறிய நிறுவனம். முன்னாள் ஊழியர்கள் சொன்னபடி, அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் ஏறக்குறைய ஓர் ஆண்டு. பெரிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான ஆட்களை வைத்து நான்கைந்து ஆண்டுகள் செய்யும் வேலையை, அதிகபட்சம் 20 பேர் கொண்ட குழு ஓர் ஆண்டில் முடிக்க வேண்டிய நிலை. திறமை இல்லாமல் அப்படி ஆகவில்லை, நேரம் இல்லாமல் ஆனது.

'இதைச் செஞ்சவனுக்கு அறிவே இல்லையா?' என்ற கமென்ட்டை எழுத ஒரு நொடி போதும். ஆனால், கேள்வி பெரும்பாலும் போக வேண்டிய இடம் வேறு. தேதியை முடிவு செய்தது யார், பணத்தை அளந்தது யார், இந்த நிலையிலேயே 40 டாலருக்கு விற்கலாம் என்று கையெழுத்துப் போட்டது யார்? கடைசியில் கேலியில் அடிபடுவது இரவு பகலாக உட்கார்ந்து வேலை பார்த்தவர்தான்.

விலை என்ற ஒப்பந்தம் மீறப்படும்போது ரசிகர்களும் சிரிப்பதில்லை. 2020 டிசம்பரில் முழு விலைக்கு வந்த 'சைபர்பங்க் 2077', பழைய கருவிகளில் சரியாக ஓடாததால் பெரும் கொந்தளிப்பு ஏற்பட்டது. சோனி நிறுவனம் தன் ஆன்லைன் கடையில் இருந்தே அதை நீக்கி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. கோளாறுகள் 'பிக் ரிக்ஸ்' அளவுக்கு மோசமில்லை. ஆனால், கொடுத்த வாக்கும் வாங்கிய காசும் பெரிது.

ஏமாற்று எங்கே தொடங்குகிறது?

முயன்று முடியாமல் போனது வேறு, முயலவே முயலாமல் விற்றது வேறு. ரசிகர்கள் இந்தக் கோட்டைக் கூர்மையாகவே கவனிக்கிறார்கள்.

கணினி கேம்களின் மிகப்பெரிய ஆன்லைன் சந்தையான ஸ்டீமில், 2017 முதல் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் விற்கலாம். 2024-ல் மட்டும் அங்கே 18,000-க்கும் அதிகமான கேம்கள் வெளியாகின. தனி ஆளாகக் கனவோடு செய்பவர்களுக்கு இது பெரிய வாசல். ஆனால் அதே வாசல் வழியாக, இணையத்தில் விற்கும் ரெடிமேட் பொம்மைகளையும் காட்சிகளையும் வாங்கி, அப்படியே ஒட்டிப் பெயர் மாற்றி விற்கும் கூட்டமும் நுழைகிறது.

இதில் பெரிய பஞ்சாயத்தும் நடந்திருக்கிறது. டிஜிட்டல் ஹோமிசைட் என்ற நிறுவனம், தன் கேமைக் கடுமையாக விமர்சித்த விமர்சகர் மீது 2016-ல் நஷ்டஈடு வழக்குப் போட்டது. பிறகு 100 ஸ்டீம் பயனர்கள் மீதும் வழக்குத் தொடர்ந்தது. உடனே ஸ்டீம், அந்த நிறுவனத்தின் கேம்கள் அனைத்தையும் நீக்கியது. விமர்சகர் மீதான வழக்கும் 2017-ல் தள்ளுபடியானது. 'டெத் ஐயா'வுக்குக் கிடைத்த செல்லம் இந்த கேம்களுக்குக் கிடைக்கவில்லை.

மொபைலில் இது இன்னும் பரிச்சயமான கதை. ராஜாவைக் காப்பாற்ற எந்தக் கம்பியை இழுப்பது என்று தெரியாமல் முட்டாள்தனமாகத் தோற்கும் விளம்பரத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. 'ச்சே, நானா இருந்தா ஜெயிச்சிருப்பேன்' என்று டவுன்லோட் செய்தால், உள்ளே இருப்பது சம்பந்தமே இல்லாத வேறு கேம். இப்படித் திசைதிருப்பியதற்காக 'ஹோம்ஸ்கேப்ஸ்', 'கார்டன்ஸ்கேப்ஸ்' கேம்களின் விளம்பரங்களுக்கு 2020-ல் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு தடை விதித்தது.

இதில் ஒரு சுவாரஸ்யம். விளம்பரத்தில் மட்டுமே இருந்த அந்தக் கம்பி இழுக்கும் கேம்களை நிஜமாகவே உருவாக்கி, 2023-ல் மலிவு விலைத் தொகுப்பாக ஒரு நிறுவனம் வெளியிட்டது. அது வேறு யாருமில்லை, 'சிம்பிள் 1500' வரிசையைத் தொடங்கிய அதே டி3 பப்ளிஷர்தான்!

ஏஐ காலத்தில் 'மோசம்' என்ன ஆகும்?

கேமில் ஏஐ பயன்படுத்தியிருந்தால் அதை விற்பவர் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் ஸ்டீம் விதி கொண்டுவந்தது. காரணம் வெளிப்படை. படம், குரல், வசனம் எல்லாவற்றையும் இப்போது நொடியில் உருவாக்கிவிடலாம். பார்வைக்குப் பளபளப்பாகவும் இருக்கும்.

அப்படியென்றால் இனி மோசமான கேம்களே வராதா? வரும். ஆனால், வேறு மாதிரி வரும். பழைய பட்ஜெட் கேமில் பிழை தெரிந்தது, அந்தப் பிழைக்குப் பின்னால் ஆளும் தெரிந்தார். நேரம் போதாமல் விட்ட கட்டடச் சுவர், ஆங்கிலம் சரியாக வராமல் எழுதிய வாழ்த்து, காசில்லாவிட்டாலும் கைவிட மனசில்லாமல் வைத்த ஈ. புது வகை மலிவு கேமில் பிழையும் கண்ணில் படாது, ஆளும் கண்ணில் பட மாட்டார். திட்டவும் ஒன்றுமில்லை, ரசிக்கவும் ஒன்றுமில்லை. இந்தக் காலத்தில் பழைய கூசோகேக்களின் மீது பாசம் கூடுவதில் ஆச்சரியம் இல்லை.

வாங்கும் முன் கவனிக்க

மலிவு கேம் வாங்க ஆசையா? தாராளமாக வாங்கலாம். ஆனால், விளம்பரத்தை நம்பாமல், யாராவது நிஜமாக விளையாடிய வீடியோவைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கூகுள் பிளேயில் காசு கொடுத்து வாங்கியது பிடிக்கவில்லை என்றால் 48 மணி நேரத்துக்குள் விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

புதிய பெரிய கேம் ஒன்றின் விலை இந்தியாவில் 5,000 ரூபாயைத் தொடுகிறது. அந்த விலைக்கு விற்பவரிடம் கறாராகக் கேள்வி கேட்பது வாங்குபவரின் உரிமை. பத்தில் ஒரு பங்கு விலைக்கு, பத்துப் பேர் சேர்ந்து, தங்களால் முடிந்ததற்கும் கொஞ்சம் மேலே எம்பிப் பார்த்து விழுந்திருந்தால் அதைப் பார்த்துச் சிரிப்பதில் தப்பில்லை. எம்பியவர்களும் மனிதர்கள் என்ற நினைப்பு மட்டும் அந்தச் சிரிப்பில் இருந்தால் போதும்.